என் மகள் சொல்லாததை நான் அச்சில் போட்டேன்

ஜெபத்துக்குப் பதில் உண்டு என்று நம்புகிற சகோதர சகோதரிகளுக்கு இதை எழுதுகிறேன். நம்பாதவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. நம்புகிறவர்களில் பலருக்கும் இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

என் ஒரே மகள் பிரிசில்லா குவைத்தில் செத்துப்போனாள். நர்ஸ் வேலை. டியூட்டி முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது அவள் வந்த வேன் கவிழ்ந்தது. அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்" என்று கல்லறையில் பொறித்திருக்கிறது. பொறிக்கச் சொன்னது நான்தான். இப்போது அதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அவள் தூங்கவில்லை. வேன் கவிழ்ந்து செத்தாள்.

நாங்கள் நீடாமங்கலத்தில் இருக்கிறோம். லுத்தரன் சபை. என் கணவர் ரயில்வேயில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன், சபையில் எல்லோருக்கும் தெரியும். கடைத்தெரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் வெளிநாட்டு ஆசை பிடித்து ஆட்டிய காலம். நாற்று விட்டுவிட்டு மேட்டூர் தண்ணீருக்குக் காத்திருந்து அலுத்துப்போன வீடுகளில் இருந்தெல்லாம் பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். சிங்கப்பூர், துபாய், மலேசியா. முக்கால்வாசிப் பேருக்குப் பயோடேட்டா அடித்துக் கொடுத்தது நான்தான்.

இன்னொன்றும் அடித்துக் கொடுப்பேன். சாட்சி. எங்கள் வட்டார சபைகளுக்கு ஒரு மாதப் பத்திரிகை உண்டு. ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்லி அதில் சாட்சி எழுத விரும்பும் பெண்கள் என்னிடம் வந்து சொல்லுவார்கள், நான் ஒழுங்குபடுத்தி டைப் அடிப்பேன். முதலில் துன்பம், பிறகு கண்ணீர், பிறகு உபவாசம், கடைசியில் ஜெயம். "இன்னும் முழுசா சரியாகல டீச்சர், ராத்திரியானா முட்டி வலிக்கத்தான் செய்யுது" என்பாள் ஒருத்தி. "அத விடுங்க, அதையெல்லாம் எழுதினா நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டு, "பூரண சுகம் பெற்றேன்" என்று அடித்துவிடுவேன். அவளும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். இதில் ஒரு தப்பும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

பிரிசில்லாவுக்கு வெளிநாடு போகும் ஆசையே கிடையாது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் ரயில், சாயங்காலம் ரயில். வந்ததும் அப்பாவும் பெண்ணுமாக வாசலில் உட்கார்ந்து காராசேவு தின்பார்கள். அவளுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. நான் பயோடேட்டா அடித்துக் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் பெட்டியோடு வந்து இறங்கினார்கள், என் பெண் மட்டும் சீசன் டிக்கெட்டில் போய்க்கொண்டிருந்தாள். அந்த வயிற்றெரிச்சலை வெளியே சொல்ல முடியுமா? அதனால் அதை ஜெபமாக மாற்றினேன். ஆறு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். விசா வந்தது. சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். பிரிசில்லா பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கர்த்தரே பதில் கொடுத்த பிறகு அவளை என்ன கேட்பது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் இன்ஸ்டிடியூட் போனுக்குக் கூப்பிடுவாள். எட்டாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கமான பேச்சு எதுவும் பேசவில்லை.

"அம்மா, எனக்கு இங்க முடியல. வந்துடட்டுமா?"

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. முடியல. அவ்ளோதான்."

"உபவாசம் இருந்து வாங்குன விசாடி இது. ஆண்டவர் வச்ச எடத்துல பொறுமையா இரு. ரெண்டு வருஷம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். "வரச் சொல்லு" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன்.

"சரிம்மா" என்றாள் பிரிசில்லா. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்தது வேறு யாரோ பேசிய போன்.

உடல் வந்து சேர மூன்று வாரம் ஆனது. ஊரெல்லாம் சம்பா நடவு. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் சேறு. வந்தவர்கள் எல்லோரும் ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள். "ஆண்டவருக்கு நல்ல பூவா வேணும்னு பறிச்சுக்கிட்டார் அம்மா" என்றார் ஒரு பெரியவர். "அவர் என்ன பூக்கடையா வச்சிருக்கார்?" என்று கேட்டுவிட்டேன். துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். துக்கத்தில் பேசவில்லை. "வந்துடட்டுமா" என்று கேட்டவளுக்கு நான் சொன்ன பதில் எனக்குள்ளேயே கிடந்து குத்திக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. கோவிலில் கண்ணை மூடுவேன், உதட்டை அசைப்பேன், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். காப்பியைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மா, நீங்க ஒரு சாட்சி எழுதினா நல்லாருக்கும். பிள்ளைங்கள வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு எத்தனையோ தாய்மாருங்க தவிச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

மறுநாளே உட்கார்ந்து அடித்தேன். எத்தனை பேருக்கு அடித்த கை. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அந்தப் போன் பேச்சு வரும் இடத்தில் என் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "அம்மா, ஆண்டவர் என்னை வைத்த இடத்தில் நான் சமாதானமாக இருக்கிறேன் என்று என் மகள் கடைசியாகச் சொன்னாள்" என்று அடித்தேன். முட்டி வலியை விட்டுவிட்ட மாதிரி என் மகள் கேட்டதையும் விட்டுவிட்டேன்.

பத்திரிகை வந்தது. என் கணவர் வாசலில் உட்கார்ந்து படித்தார். மடித்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஊரில் எனக்கோ ஒரே பாராட்டு. யார் யாரோ கடிதம் எழுதினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருந்தது.

குறுவை அறுவடை முடிந்த சமயம் ஒருநாள் மத்தியானம், ஒரு பெண் இன்ஸ்டிடியூட் படியேறி வந்தாள். பெயர் ரூத். திருவாரூர் பக்கத்துக் கிராமம். நடவு, களை, அறுப்பு என்று கூலி வேலை செய்கிறவள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பையில் இருந்து பைபிளை எடுத்து உள்ளே மடித்து வைத்திருந்த பத்திரிகைப் பக்கத்தைக் காட்டினாள். என் சாட்சி.

"டீச்சர், உங்களப் பாத்து நன்றி சொல்லணும்னு வந்தேன். எம் பையன் ஜான்சன் மலேசியாவுல இருக்கான். வந்துடுறேன் வந்துடுறேன்னு போன்ல ஒரே அழுவ. மொதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டானாம், அடிக்கிறானாம். நான் இத அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். அந்தப் பொண்ணு எப்படிப் பொறுமையா இருந்திச்சு பாருடான்னு சொன்னேன். அதோட அழுவறத நிறுத்திட்டான்."

"எப்ப கடைசியா பேசினான்?" என்று கேட்டேன்.

"அன்னிக்குத்தான். ஒரு மாசம் இருக்கும். அதுக்கப்புறம் போன் வரல. பொறுமையா இருக்கான் போல."

உண்மையைச் சொல்லிவிட்டேன். பிரிசில்லா கேட்டது, நான் சொன்ன பதில், பத்திரிகையில் போட்டது, எல்லாம். ரூத் அந்தப் பத்திரிகைப் பக்கத்தை என் முன்னால் நீட்டினாள்.

"அப்ப ஏன் அப்படி எழுதினீங்க?"

"சாட்சின்னா அப்படித்தான் முடியணும்னு எழுதினேன்."

"அத நம்பித்தானே எம் புள்ளய அங்கேயே கெடன்னு சொன்னேன். நீங்க நல்லா இருப்பீங்களா?"

வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மாணவிகள் மெஷினில் தட்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில், உட்கார்ந்த இடத்திலேயே ஜெபம் பண்ணினேன். என் மகள் செத்த பிறகு நான் பண்ணிய முதல் நிஜமான ஜெபம். "ஆண்டவரே, எனக்கு ஆறுதல் வேண்டாம். உம்மிடம் நான் எதுவும் கேட்கத் தகுதியில்லை. அந்தப் பையனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டு வாரும். என் பொய்க்கு இன்னொரு பிள்ளையை எடுத்துவிடாதேயும்." இவ்வளவுதான். கோவிலில் எழுந்து நின்று சொல்லக்கூடிய ஜெபம் இல்லை.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அவரே பஸ் பிடித்து ரூத்தின் ஊருக்குப் போனார். என்னை அழைக்கவில்லை. பாஸ்போர்ட் நகலும் ஏஜெண்டின் விலாசமும் வாங்கி வந்து என் மேஜையில் வைத்து, "அடி" என்றார். அடித்தேன். தூதரகத்துக்கு, கலெக்டருக்கு, டெல்லிக்கு, மலேசியாவில் இருந்த தமிழ்ச் சபை ஒன்றுக்கு. பதில் வரவில்லை என்றால் மறுபடியும். ஏஜெண்ட் எங்கள் படியேறி வந்து சத்தம் போட்டான். அவனுக்கும் நான் பயோடேட்டா அடித்துக் கொடுத்தவள்தான், அவன் ஆட்டமெல்லாம் என்னிடம் எடுபடவில்லை. தினமும் அதே ஜெபம். வேறு எதுவும் சேர்க்கவில்லை. நம்பிக்கையோடு கேட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பயத்தோடுதான் கேட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபஸ்கால நாட்களில் பதில் வந்தது. அந்தத் தமிழ்ச் சபையில் இருந்து இரண்டு பேர், தூதரகத்து ஆளோடு போய்ப் பார்த்திருக்கிறார்கள். பையன் ஒரு தகரக் கொட்டகையில் காய்ச்சலோடு கிடந்தானாம். இன்னும் சில நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

என் கணவர் சென்னைக்குப் போய் அவனை அழைத்து வந்தார். நீடாமங்கலம் ஸ்டேஷனில் ரூத்தும் நானும் காத்திருந்தோம், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவில்லை. ஜான்சன் இறங்கினான். ஒட்டிய கன்னம், கையில் கட்டு. ரூத் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டியாடா, சாப்டியாடா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் என் உள்ளம் ஸ்தோத்திரத்தால் நிறைந்தது என்று அடித்தால் எவ்வளவு அழகாக முடியும். நிறையவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் பிள்ளை நடந்து வந்தான், என் பிள்ளை பெட்டியில் வந்தாள். பிளாட்பாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரூத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் வந்தாள். தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு மகனை அழைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் புத்தகம் எழுத ஆரம்பித்தேன். முதலில் பத்திரிகையில் ஒரு திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். "சபையில வீணா குழப்பம் வரும் அம்மா" என்றார் போதகர். சரி, குழப்பம் புத்தகமாகவே வரட்டும் என்று முடிவு செய்தேன். பிள்ளையை இழந்தவர்கள் எப்படி ஜெபிப்பது என்று எழுதினேன். கோபத்தோடு ஜெபிக்கலாம், வாய் வராவிட்டால் சும்மா உட்காரலாம், ஆனால் பொய் மட்டும் சொல்லக் கூடாது என்று எழுதினேன். அந்தப் போன் பேச்சை முதல் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஒருவர், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஜெயமான முடிவு ஒன்று சேர்த்தால் போடுகிறேன் என்றார். எத்தனை பேருக்கு நான் செய்து கொடுத்த வேலை அது. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு அச்சகத்தில் நானே போட்டேன். அச்சகக்காரர் விபூதி பூசிய மனிதர். புரூஃப் படித்துவிட்டு, "என்னம்மா, சாமி புஸ்தகம்னீங்க, சாமியோடயே இவ்ளோ சண்ட போடுறீங்க" என்றார். "சண்ட போட ஆள் இருக்கார்னு தெரிஞ்சதாலதான் போடுறேன்" என்றேன். அதற்குப் பிறகு நான்கு புத்தகம் எழுதிவிட்டேன். எல்லாம் நானே போட்டது, நானே பையில் தூக்கிக்கொண்டு போய் விற்றது. சில சபைகளில் என்னை உள்ளே விடுவதில்லை. சில பெண்கள் புத்தகத்தைப் புடவைக்குள் மறைத்து எடுத்துப் போகிறார்கள்.

முதல் புத்தகத்தின் முதல் பிரதியை என் கணவரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்தார். அடுத்த ஞாயிறு சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கோவிலுக்குக் கிளம்பினார். அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இதை முழு மனதோடு சொல்கிறேன்.

என் புத்தகங்களைப் படிக்கிறவர்கள், "இவ்வளவுக்குப் பிறகும் ஜெபத்தை நம்புகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். நம்புகிறேன். நம்பாமல் இருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மேலே கேட்க யாரும் இல்லை, நடந்தது நடந்தது என்று மனதைத் தேற்றியிருப்பேன். ஜான்சன் ரயிலை விட்டு இறங்கிய அன்றோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. கேட்டால் கொடுக்கிறவர் அவர். என் மகளுக்காக நான் விசா கேட்டேன், கொடுத்தார். மெடிக்கலில் பாஸாக வேண்டும் என்று கேட்டேன், கொடுத்தார். விமானம் பத்திரமாக இறங்க வேண்டும் என்று கேட்டேன், அதையும் கொடுத்தார். அவளை வீட்டுக்குக் கொண்டு வாரும் என்று ஒரே ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள்.