ஐனோ அம்மையாரிடம் நேரம் கேட்ட கதை

முதியோர் பராமரிப்பு என்னும் தொழிலில் முதலில் தேய்வது முதுகு. அடுத்தபடியாகத் தேய்வது, நமக்கு எல்லாம் தெரியும் என்னும் எண்ணம். பிறருடைய காலுறையை மாட்டிவிட்டே தம் பிள்ளைகளைப் படிப்பித்த அன்பர்களே, நான் எழுதுபவை உங்களுக்கும் நேர்ந்தவையாகவே இருக்கும். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட நான், எழுத்துத் தமிழையும் டெனிஷ் மொழியையும் எவர் துணையுமின்றிக் கற்றுக்கொண்டவன். மூன்றாவதாகப் பின்லாந்து மொழியில் ஒரேயொரு வாக்கியம் கற்றேன். ஊரில் போர் முடிந்த ஆண்டில், டென்மார்க்கின் சில்க்போர்க் நகரத்து முதியோர் இல்லமொன்றில் அது நிகழ்ந்தது.

காலை வணக்கமும் சீப்பும்

ஐனோ அம்மையார் பின்லாந்தில் பிறந்தவர். அங்கே போர் நடந்த காலத்தில், கழுத்தில் பெயர் அட்டை தொங்க, சிறுமியாகத் தனியே டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டவர். இங்கேயே வளர்ந்து, மணம் முடித்து, டெனிஷ் மொழியிலேயே வாழ்ந்தவர். மறதி நோய் வந்தபோது, அது டெனிஷ் முழுவதையும் எடுத்துக்கொண்டு பின்லாந்து மொழியை மட்டும் விட்டுவைத்தது.

காலையில் உடை மாற்றப் போகும் எவருக்கும் அடி விழும். நான் காலை வணக்கம் சொல்லிப் போர்வையை விலக்கியதும், சீப்பின் முதுகு என் கன்னத்தில் விழுந்தது. அவர் இப்படியே இருந்தால் வேறோர் ஊரிலுள்ள பூட்டிய பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். நாள்தோறும் பஸ் பிடித்துத் தாயைப் பார்க்க வரும் மகள் கிர்ஸ்தனால் அங்கே போக இயலாது. எங்கள் பொறுப்பாளர் பிர்கித் என் கன்னத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"மே மாதம் முடியும்வரை பொறுக்கிறேன். அதற்கு மேல் எனக்கு வேலைக்கு ஆள் மிஞ்சாது."

பஸ்ஸில் படித்த பாடம்

கிர்ஸ்தனுக்குத் தாயின் மொழி தெரியாது. ஆயினும் ஒரு வாக்கியம் மட்டும் அவர் காதில் தங்கியிருந்தது. பின்லாந்து உறவினரைத் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், நலம் விசாரிப்பதற்கும் முன்னர் அம்மையார் அதைக் கேட்பாராம்: "ஒலிசிகோ தெயில்ல ஹெத்கி ஐகா?" உங்களுக்குச் சிறிது நேரம் இருக்குமா என்பது பொருள் என்று தாயே முன்னர் சொல்லியிருந்தாராம். மரியாதைக்குரியவரிடம் கேட்கும் முறை அது.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதையே முணுமுணுத்தேன். அருகில் இருந்தவர்கள் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்கள். என்னோடு வேலை செய்யும் மன்னார்ப் பெண் ஜெசிந்தா மட்டும் எழும்பவில்லை.

"டெனிஷே இன்னும் தொண்டைக்குள்ள நிக்குது அண்ணை, அதுக்கிடையில உங்களுக்குப் பின்லாந்தும் தேவையோ?"

கேட்டதும் கேளாததும்

மறுநாள் வாக்கியத்தைப் பிழையறச் சொன்னேன். அம்மையார் வியப்போடு என்னைப் பார்த்தார். நான் மகிழ்ந்து போர்வையை விலக்கினேன். மீண்டும் சீப்பு!

இதில் என் பிழை என்ன என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் "நேரம் இருக்கோ?" என்று கேட்பவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் அமர்ந்த பின்னரே கேட்பார். வீட்டுக்காரரும் அதற்குள் தேநீருக்கு அடுப்பை மூட்டியிருப்பார். அங்கே அது கேள்வியன்று, வந்துவிட்டேன் என்னும் அறிவிப்பு. அறை மூலையில் நின்று எல்லாவற்றையும் கண்ட கிர்ஸ்தன், சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"நீங்கள் கேட்டீர்கள், சரி. அவர் பதில் சொல்ல எங்கே இடம் விட்டீர்கள்?"

இல்லை என்றால் இல்லை

அதன் பின்னர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன், கேட்டுவிட்டு நின்றேன். அம்மையார் யன்னலைப் பார்த்தார், தம் விரல்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வாய் திறந்து இன்னொரு முறை கேட்கவேண்டும் என்று எனக்கு நாக்கு அரித்தது. கடைசியில் "ஓன்" என்றார். இருக்கிறது என்பது அதன் பொருள். பின்னர் தாமாகவே இரு கைகளையும் உயர்த்திச் சட்டைக்குக் காத்திருந்தார்.

சில காலைகளில் நேரம் இல்லை என்று தலையசைப்பார். அப்போது தலை வணங்கி வெளியேறி, வேறொருவரைக் கவனித்துவிட்டுத் திரும்புவேன். கஞ்சி ஆறிப்போகிறது என்று சமையலறையிலிருந்து முறைப்பாடு வந்தது. இருந்தும் சீப்பு தலையோடு நின்றுகொண்டது. ஜெசிந்தாவும் வாக்கியத்தைக் கற்று, ஒருநாள் கண்கள் விரிய வெளியே வந்தாள்.

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து என்ர மனுசன் ஒருக்காலும் என்னட்டை இப்பிடிக் கேட்டதில்லை அண்ணை!"

மே மாதத்துக் காலை

அந்த மே மாதத்தில்தான் வன்னியில் போர் முடிந்தது. என் தம்பி குடும்பத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. சமையற்காரர் வானொலியில் கேட்டுவிட்டு, உண்மையான அன்போடு என் கையைக் குலுக்கி, போர் முடிந்ததற்கு வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

பிர்கித் முடிவெடுப்பதற்காக நேரில் பார்க்க வந்ததும் அதே காலையில்தான். அவரும் கிர்ஸ்தனும் வாசலில் நிற்க, நான் கட்டிலருகே போனேன். வாக்கியம் வரவில்லை. என்னால் அம்மையார் பூட்டிய பிரிவுக்குப் போகப் போகிறார் என்று எண்ணினேன்.

அம்மையார் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர் கட்டிலில் சற்று நகர்ந்து, பக்கத்தில் கையால் தட்டி, மிகுந்த மரியாதையோடு என்னிடம் கேட்டார்: "ஒலிசிகோ தெயில்ல ஹெத்கி ஐகா?"

நான் "ஓன்" என்று சொல்லி அமர்ந்தேன். அவர் என் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். யன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று வந்து நின்று, போயிற்று. அதற்குப் பின்னர் அவரே கைகளை உயர்த்தினார். நான் சட்டையை மாட்டினேன். அவர் என்ன கேட்டார் என்பதைக் கிர்ஸ்தன் தாழ்ந்த குரலில் எடுத்துச் சொல்ல, பிர்கித் மூக்கைத் துடைத்துக்கொண்டு தமது வழக்கமான கடுமைக்குத் திரும்பினார்.

"இவரை மாற்றுவதென்றால் உங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இரண்டு பேரை ஏற்ற என்னிடம் வண்டி இல்லை."

தம்பியின் குரல் பல வாரங்களுக்குப் பின்னர் முகாமொன்றிலிருந்து வந்தது. ஐனோ அம்மையார் தம் இறுதிவரை அதே அறையில், அதே யன்னலோரத்தில் இருந்தார்.

ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம் இப்போது நேரம் ஏராளமாக இருக்கிறது; அதைக் கேட்பதற்குத்தான் எங்கள் வீட்டில் இன்னும் ஒருவரும் பின்லாந்து மொழி படிக்கவில்லை.