சாயப் பட்டறைக்குக் கீழே விளைந்த கீரை

காலை ஒன்பதே கால். திருப்பதியில் நகரி பஸ் ஏறினேன். மொட்டைத் தலை, மடியில் லட்டுப் பை, சட்டைப் பையில் பரிசோதனைக் கூடத்தில் வாங்கிய ஒட்டிய உறை. உறை என்னுடையதல்ல. நகரிப் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த கன்னியம்மாவுடையது. "சாமி கும்புட வர்றியே, அப்டியே என் கீரை ரிப்போர்ட்டையும் வாங்கினு வாண்ணா" என்று போனில் சொல்லியிருந்தாள்.

"எக்கடிக்கி?" என்றார் கண்டக்டர். "நகரி ஒண்ணு" என்றேன். எழுபத்தைந்து ரூபாய். புத்தூர் தாண்டியதும் மூக்குப் போல நீட்டிய எங்கள் ஊர் மூக்கு மலை தெரிந்தது. அடடா, அதைப் பார்த்தாலே எனக்குப் பத்து வயது ஆகிவிடும்! அப்போது எங்கள் வாய்க்கால் தினம் ஒரு நிறத்தில் ஓடும். அரக்குச் சேலைக்கு நூல் தோய்த்தால் சிவப்பு, மறுநாள் மயில் கழுத்து. அதில்தான் காகிதக் கப்பல் விட்டேன். இன்று நினைத்தாலும் அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய! அந்தச் சாயம் வந்தது எங்க நைனாவின் பட்டறையிலிருந்து. போய் இறங்கியது கன்னியம்மா வீட்டு நிலத்தில். பட்டறையை மூடிப் பல வருஷமாகியும் குரோமியமும் ஈயமும் மண்ணை விட்டுப் போகவில்லை.

பதினொன்றே கால். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். வரப்பில் நின்ற கன்னியம்மா மொட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாண்ணா, பள்ளிக்கூடத்துல பேனுக்கு அடிச்ச மொட்டை மாதிரியே கீது!"

உமிக்கரியும் சாண எருவும் கொட்டிக் கொத்திவிட்ட மண் கறுப்பாக இருந்தது. நாங்கள் பல் தேய்த்த அதே உமிக்கரி.

"விஷத்தக் கரி புடிச்சி வெச்சிக்கும், வேருக்கு உடாது. மொத போகம் வீணாப்பூட்ச்சி. கரி எல்லாம் ஒண்ணுதானேன்னு மூடின பட்டறையில பழசாக் கெடந்த அடுப்புச் சாம்பல வாரிக் கொட்டிட்டேன். சாயக் கழிவு நூல எரிச்ச சாம்பலு அது. எனக்கு இன்னா புத்தி பாரு!"

நிலத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. ஆனால் கீரை பரிசோதனையில் தேறும்வரை யாருக்கும் ஓர் இலைகூடக் கொடுப்பதில்லை என்று இருந்தாள். உறையைப் பிரித்துப் படித்தேன். மேட்டுப் பாத்தி தேறிவிட்டது. வாய்க்கால் ஓரப் பாத்தி தேறவில்லை.

"பாதி பாஸா?" என்று கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேட்டுப் பாத்தியில் ஒரு கட்டு அரைக்கீரை பறித்து நீட்டினாள்.

என் கை நீளவில்லை. ரிப்போர்ட்டைப் படித்தவனே நான்தான். இருந்தாலும் வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறானே என்று ஒரு நினைப்பு. வெட்கக்கேடு.

"நாங்க ரிப்போர்ட்டு இல்லாமயே துன்னோம்ணா, அத்தினி வருசம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வாங்கிக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்குச் சென்னை வீடு. இங்கே கீரைக்காரரிடம் எந்த மண்ணில் விளைந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மனைவிதான் கேட்டாள், "இது எந்த ஊர்க் கீரை?"

"எங்க பட்டறைக்குக் கீழண்ட வெளஞ்சது" என்றேன். கீரையைக் கடைந்து சோற்றில் போட்டதும் முதல் கவளம் நான் சாப்பிட்டேன். அடுத்ததைப் பேரனுக்குப் பிசைந்து ஊட்டினேன்.