ஒரே கூரைக்குள் எல்லா நோயும்

எங்கள் பிளட்டுக்குக் கீழே ஒற்றை அறையில் இருந்த அருந்தவனுக்குச் சீனம் பேச வராது. ஆனால் அவன் வேலை செய்த ஹோம்புஷ் சீன மருந்துக் கடையில் எந்தப் பெட்டி எந்தத் தட்டுக்கு என்று அவனுக்குத் தெரியும். முதலாளியம்மா லின் எழுத்தில் ஓர் அடையாளம் காட்டியிருந்தாள். மேலே ஒரு கூரை, இடப்பக்கம் சரிந்து இறங்கும் சுவர், சுவரில் இரண்டு கீறல். சீனப் பெட்டியோ ஜப்பான் பெட்டியோ கொரியாவின் பழைய மருந்தோ, அது இருந்தால் நோய். என்ன நோய் என்பதைக் கூரைக்குள் இருப்பது சொல்லும்.

"நோய்க்கு மட்டும் மூண்டு நாடும் ஒரே கூரைக்குள்ள, அக்கா," என்பான்.

மன்னாரிலிருந்து படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் கிடந்து வெளியே வந்தவன். வயிறு வலித்தபோது, கூரைக்குள் வலி எழுதிய ஜப்பான் மாத்திரையை வாங்கி விழுங்கினான். நான் கொடுத்த இடியப்பம் அப்படியே திரும்பி வந்தது.

"ஏன்ரா, கல்லாவோ இருந்தது?"

"இல்லையக்கா. இறங்குதில்லை."

"அப்ப ஆசுப்பத்திரிக்குப் போவன்."

"விசா முடிஞ்சு கிடக்கு. பேரைக் குடுத்தா இமிகிரேசனுக்குப் போயிடும். திரும்ப வில்லாவுட்தான்."

"ஆர் சொன்னது?"

"உள்ள இருந்த பெடியள் எல்லாரும்."

அப்படி இல்லை என்று என் கணவர் யோசேப் விசாரித்துச் சொன்னார். அவர் பேச்சு எடுபடவில்லை. முகாமில் எவனோ சொன்னதுதான் இவர்களுக்கு வேதம். கண் மஞ்சளான பிறகு யோசேப் இழுத்துக்கொண்டு போனார். பெயரை எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அதிகாரி ஒருவரும் வரவில்லை. டொக்டர்தான் வந்தார். புற்று ஈரல்வரை போய்விட்டதாம்.

லின் பார்க்க வந்தாள். தனக்கு வந்த நோயை எழுதிக் காட்டச் சொன்னான். பிஸ்கட் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதினாள். அதே கூரை. உள்ளே மூன்று சதுரம், அடியில் ஒரு மலை.

"இது போட்ட பெட்டி நான் அடுக்கினதே இல்லை," என்றான்.

லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் போனதும் என்னிடம் கேட்டான். "அக்கா, இமிகிரேசனுக்கு ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லுங்கோவன். பிடிச்சு ஊருக்கு அனுப்பட்டும்."

"பிளேனில ஏத்த மாட்டாங்களாம். டொக்டரிட்டக் கேட்டிட்டன்."

"ஓம்," என்றான். மூடியைத் திருப்பிப் போட்டுப் பெட்டியை மூடினான்.