மூன்றாம் நாள் வந்த ஆள்

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது. ஆறாம் வகுப்பிலிருந்து விடுதிப் பள்ளி, பிறகு பெங்களூரில் நிர்வாகப் படிப்பு, அங்கேயே பெரிய கம்பெனியில் வேலை. மாமனார் இறந்த பிறகு, போடியில் இருக்கும் எங்கள் ஏலக்காய்க் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தார். சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று எல்லோரும் மெச்சினார்கள். எங்கே திரும்புவது? பத்து வயசுக்கு மேல் இவர் இந்த ஊரில் இருந்ததே கிடையாது.

கடைக்குப் பின்னால் ஒரு நீளமான கூடம். மலையிலிருந்து வரும் காயை அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். பெருங்காய் தனி, சிறுசு தனி, வெடித்தது தனி. ஒவ்வொருத்திக்கும் அவளவள் இடம், அவளவள் சாக்கு. சன்னல் ஓரத்தில் உட்காருகிற அக்காதான் கூடத்துக்கே தலை. நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை ஆத்தா என்பாள். எவள் வீட்டில் சண்டை, எவள் இன்றைக்குச் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சரக்கு குவிந்து கிடக்கும்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் வருவார்கள். நான் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வீட்டில் இருந்துகொள்வார்கள்.

தீபாவளிக்கு முன்னால் வடக்கே பெரிய சரக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் அவள் புருஷன் இறந்துபோனார். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஜீப்பில் உடம்புதான் வந்தது.

கேதத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் மாலையோடு போனோம். எங்கள் பக்கம் துக்க வீட்டில் ஆண்கள் இரண்டு கையையும் நீட்டுவார்கள். வருகிறவர் லேசாகத் தொட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இவர் ஒவ்வொரு கையாகப் பிடித்துக் குலுக்கினார். கிளம்பும்போது, யாரும் சொல்லக் கூடாத இடத்தில், "போயிட்டு வர்றேன்" என்று சத்தமாகச் சொன்னார். பந்தலில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. எனக்கு எங்கேயாவது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்த பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அன்று சாயங்காலமே இவர் ஒரு நல்ல காரியமும் செய்தார். கருமாதி முடிகிற வரைக்கும் அக்காவுக்குக் கூலியோடு லீவு என்று கூடத்தில் சொன்னார். இந்த வட்டாரத்தில் எந்த முதலாளியும் கொடுக்காதது. பெண்களுக்கெல்லாம் முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் நான் காமயகவுண்டன்பட்டிக்குப் போக வேண்டியிருந்தது. அப்பா வீட்டுத் தோட்டத்தில் திராட்சை வெட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அங்கே இருக்கும்போதுதான் இவர் போன் செய்தார். குரலில் அப்படி ஓர் உற்சாகம். வருசநாட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண்ணைப் பிடித்து வேலைக்குப் போட்டுவிட்டாராம், பிரிக்கிற வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லையாம். அந்தப் பெண்ணை எங்கே உட்கார வைத்தீர்கள் என்று கேட்டேன். காலியாகக் கிடந்த இடத்தில்தான், சன்னல் ஓரத்தில், என்றார்.

துக்கத்தில் இருக்கிறவளின் இடத்தில் கருமாதி முடிகிற வரை எங்கள் கூடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவள் சாக்கு விரித்தபடியே கிடக்கும். கூட்டுகிறவள்கூட அதைச் சுற்றித்தான் கூட்டுவாள். வீட்டு மூலையில் முடங்கிக் கிடப்பவளுக்கு வெளியே ஓர் இடம் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். இதை எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுப்பார்கள்? அக்கா புருஷனைப் பறிகொடுத்த மூன்றாம் நாளே இவர் அந்தச் சாக்கைச் சுருட்டி ஓரத்தில் போட்டிருக்கிறார்.

அடுத்த நாள் கூடத்துக்கு ஒருத்தியும் வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டில் விருந்தாள், ஒருத்தி போனே எடுக்கவில்லை. புதிதாக வந்த பெண், பாவம், தன்னந்தனியாக உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தாள். இவர் கூலியைக் கூட்டித் தருவதாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். எல்லோரும் கேட்டார்கள், யாரும் பதில் போடவில்லை. லாரிக்காரன் வேறு தினம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் திரும்பி வந்ததும் இவரைப் பிடித்துக்கொண்டேன். கூலியைப் பற்றிப் பேசாதீர்கள், அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் பேசுங்கள், அவள் முகத்தைப் பாருங்கள் என்று கத்தினேன். இவரும் கத்தினார். "நான் என்ன தப்பு செஞ்சேன்? சம்பளத்தோட லீவு குடுத்தேன். இந்த ஊர்ல எவன் குடுப்பான்?"

உண்மையிலேயே எவனும் கொடுக்க மாட்டான். அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

ஒருவழியாக அன்று மதியம் கிளம்பினோம். அக்கா உள்வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், பாதியாக இளைத்து. இவர் தரையிலேயே உட்கார்ந்தார். உங்கள் மனசு புண்பட்டிருந்தால் வருத்தப்படுகிறேன் என்று ஆரம்பித்தார். பிறகு காரணம் சொன்னார், பிறகு எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். முதலில் வருத்தம், அப்புறம் விளக்கம், அப்புறம் வேண்டுகோள். படித்ததை வரிசை மாறாமல் ஒப்பிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் தப்பாச் செய்யல மொதலாளி. வேலை நடக்கணும்ல," என்றாள். "ஆனா அவளுக பாத்தது வேற. நாளைக்கு நாஞ் செத்தாலும் மூணாம் நாளு அங்கன ஒரு ஆளு உக்காந்திருக்கும். அதத்தான் பாத்தாளுக."

இப்போதாவது அந்த வார்த்தை உள்ளே போகட்டும், இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாலே போதும், சாமி, இந்த மனுஷன் வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"கருமாதி முடிஞ்சதும் வந்துடுவீங்கல்ல?" என்றார் இவர்.

அக்கா இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வாரேன் ஆத்தா. பிள்ளைகளுக்குச் சோறு வேணும்ல. அவளுகளையும் நாளைக்கே வரச் சொல்றேன்."

அப்புறம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள். நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன். இவரும் பின்னாலேயே வந்தார்.

காரில் ஏறியதும் லாரிக்காரனுக்குப் போன் போட்டு, நாளைக்கு வேலை ஆரம்பித்துவிடும் என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் அப்படியே தெளிந்திருந்தது. "நீ சொன்னது சரிதான். நேர்ல வந்து ரெண்டு வார்த்தை பேசினா எல்லாம் சரியாயிடுது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. அக்காவை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் தோளைத் தட்டி, "பாவம்தான்," என்றார்.