மவுசுக்கு அடியில் ஒரு வாட்ச்

என் கடை மேசையில் ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது. சாவி கொடுத்தால்தான் ஓடும் பழைய வாட்ச். வெள்ளை முகம், கறுப்பு எண்கள், சிவப்பு நொடிமுள். தோல்வார் ஒரு பக்கம் அறுந்து போய்விட்டது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவளுக்கு இது எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "ஏங்க, சுத்தியும் இத்தன கம்ப்யூட்டர்ல மணி ஓடுது, இது வேறயா" என்று போன வாரம்கூட ஒருவர் கேலி பண்ணினார். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக இந்த வாட்சுக்குச் சாவி கொடுக்கிறேன். இது என்னுடையது இல்லை.

இது மேடைக்காரண்ணனுடையது. அரியலூரிலிருந்து செந்துறை போகிற வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் யார்டு ஒன்று அப்போது இருந்தது. தரையோடு தரையாக ஓர் இரும்பு மேடை. லாரி அதன் மேல் ஏறி நின்றால் பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எடை தெரியும். அதைப் பதிந்து, சீட்டு எடுத்து, டிரைவரிடம் கொடுப்பவர் அவர். பதினான்கு வருடமாக அதே நாற்காலி. எடைமேடையில் இருப்பவர் என்பதால் டிரைவர்கள் எல்லோருக்கும் அவர் மேடைக்காரர், எனக்கு மேடைக்காரண்ணன். நான் அந்தச் சமயத்தில் பெரம்பலூரில் வேறொருவர் கடையில் வேலை பார்த்தேன். அந்த யார்டை நடத்திய கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எதில் கோளாறு என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. பொம்பளைப் பிள்ளை என்ன பண்ணிவிடப் போகிறாள் என்று பார்ப்பவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்பதற்கு அந்தக் கர்வம்தான் எனக்குத் துணை.

அவர் அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருந்த விதத்தை மறக்க முடியாது. யார்டு முழுக்கச் சுண்ணாம்புப் புழுதி பறக்கும். மரங்கூட வெள்ளையாக நிற்கும். அவர் அறையில் மட்டும் மேசை துடைத்த ஈரம் காயாமல் இருக்கும். வீட்டம்மாவின் பழைய சேலையை மடித்துத் தைத்து மானிட்டருக்கு உறை போட்டிருந்தார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டுதான் கீபோர்டைத் தொடுவார், அதுவும் வலது கை ஆள்காட்டி விரலால் மட்டும். வேலைக்குத் தேவையான ஆறேழு இடங்களைத் தவிர திரையில் வேறெதையும் அழுத்த மாட்டார். சாயங்காலம் முறைப்படி நிறுத்தி, சுவர் சுவிட்சையும் அணைத்து, உறையைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். காலையில் வந்து மறுபடி போடுவார். ஒரு நாளும் அதைச் சும்மா ஓடவிட்டுப் போனதில்லை.

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் கம்பெனியின் அரியலூர் ஆபீசில் இருந்த ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அதிலிருந்துதான் பிரச்சினை தொடங்கியது. லாரி வராமல் பத்து நிமிடம் இடைவெளி விழுந்தால் போதும், கம்ப்யூட்டர் தூங்கிவிடும். தட்டி எழுப்பினால் எழும்பும். ஆனால் மேடையோடு இருந்த தொடர்பு அறுந்திருக்கும். எல்லாவற்றையும் மூடித் திறந்து எடை வருவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் லாரிகள் ரோடு வரைக்கும் நின்று ஹாரன் அடிக்கும். நான் போய்ப் பவர் செட்டிங்கைத் திறந்து, எந்த நேரமும் தூங்கக் கூடாது என்று மாற்றிவிட்டு வந்தேன். ரெண்டு நிமிட வேலை. மறுநாள் காலையில் மறுபடி போன். போய்ப் பார்த்தால் பழையபடி பத்து நிமிடம் என்று நிற்கிறது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினேன். அப்டேட்டை நிறுத்தினேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன். நான் இருக்கும் வரை ஒழுங்காக ஓடும். அடுத்த நாள் மாறியிருக்கும்.

மூன்றாவது தடவை போனபோது அவர் எனக்கு டீ வாங்கி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா, தப்பா நெனச்சிக்காத. சாயங்காலம் வரைக்கும் அதுக்கு நெனவு இருக்கு. அணச்சிட்டுக் காலையில போட்டா மறந்துடுது. ராத்திரி தூங்கி எந்திரிச்சாத்தான் மறக்குது, பாரேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மணி நேரமாகக் குனிந்து உட்கார்ந்திருந்த எரிச்சல் வேறு. "கம்ப்யூட்டருக்கெல்லாம் மறதி வராதுண்ணே. மனுசங்களுக்குத்தான் வரும்" என்றேன். அவரும் சேர்ந்து சிரித்தார். இன்றைக்கு என் கடைக்கு ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, எப்போது மாறுகிறது, எதற்கு அப்புறம் மாறுகிறது என்பதுதான். நான் கேட்காமலேயே அதற்கான பதிலை அவர் என் கையில் கொடுத்தார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

என்னை மறுபடி மறுபடி கூப்பிட அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கை கழுவப் போகும்போது வாட்சைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறார். தெரியாமல் மவுசு அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் திரையில் அம்புக்குறி தானாக நடுங்குகிறது. மவுசுக்கு அடியில் இருக்கும் சிவப்பு வெளிச்சம் நொடிமுள் நகர்வதைப் பார்த்து, யாரோ மவுசை நகர்த்துவதாக நினைத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டருக்குத் தூக்கமே வராது. அன்றிலிருந்து லாரி இல்லாத நேரமெல்லாம் வாட்சைக் கழற்றி மவுசுக்கு அடியில் வைத்துவிடுவார். பத்து நாள் யாரும் போன் பண்ணவில்லை. என் கை வேலைதான் பலித்துவிட்டது என்று நான் இறுமாந்திருந்தேன்.

பதினோராவது நாளோ என்னவோ, வாட்சுக்குச் சாவி கொடுக்க அவர் மறந்துவிட்டார். முள் நின்றது, கம்ப்யூட்டர் தூங்கியது, லாரிகள் வரிசை கட்டின. அன்றைக்கு மேனேஜர் சார் யார்டில் இருந்தார். என்னை வரச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் வைத்து, "நீ சரி பண்றியா இல்ல வேற ஆளப் பாக்கவா" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். நான் பண்ணிட்டுப் போறத யாரோ மாத்துறாங்க" என்றேன். அந்த அறையில் உட்காருவது ஒரே ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன். என் வேலை தப்பில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே ஆத்திரத்தில் சொன்னேன்.

எடைமேடையில் அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று அப்போது யோசிக்கவில்லை. மேடையில் இருப்பவர் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றுகிறார் என்றால், எடையையே மாற்றுகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேனேஜர் நேராக அறைக்குள் போனார். மவுசைத் தூக்கினார். அடியில் வாட்ச். "என்னய்யா இது?" என்றார். மேடைக்காரண்ணன் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டே, "தூங்காம இருக்கறதுக்குங்க சார்" என்றார். வெளியே நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தார். நான் என் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வாட்சை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். மறுநாளிலிருந்து அவருக்கு வெளியே வேலை. லாரிக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்களா என்று புழுதியில் நின்று பார்க்கிற வேலை. "என்னண்ணே, வாட்ச வச்சே எத்தன டன்னு ஏத்துன?" என்று டிரைவர்கள் கிண்டல் பண்ணுவார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று மாதம் நின்று பார்த்தார். அப்புறம் வரவில்லை.

அவர் நாற்காலிக்கு வந்த புது ஆளும் இரண்டாம் நாளே போன் பண்ணினார், செட்டிங் மாறிவிட்டது என்று. மறுநாள் முதல் பஸ்ஸில் போய், கம்ப்யூட்டரைப் போடும்போதே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அது எழும்பி வருகையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் வந்த வேகத்தில் மறைந்தது. அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும். முந்தைய வருடம் அரியலூர் ஆபீசில் கம்ப்யூட்டர்கள் ஆளில்லாமல் நாளெல்லாம் ஓடுகின்றன என்று மேனேஜர் குறைபட்டபோது, ஒவ்வொரு தடவை போட்டவுடனும் பத்து நிமிடத் தூக்கத்தைத் தானாகவே வைத்துவிடும்படி நானே நாலு வரிக் கட்டளை எழுதி எல்லாவற்றிலும் போட்டிருந்தேன். அதில் ஒன்றுதான் எடைமேடைக்கு வந்திருக்கிறது. நான் எழுதியதை நானே மறந்துவிட்டேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அணைத்துவிட்டுப் போட்டால் மறந்தது. மறக்க வைத்தது நான்.

அதை அழித்தேன். ரெண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பிறகு மேனேஜரிடம் போய், "சரி பண்ணிட்டேன் சார்" என்றேன். "என்ன கோளாறு?" என்றார். "சின்னதுதான் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், என் முதலாளிக்கு அந்தக் கம்பெனி போகும் என்று பயம். யார்டில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், அடுத்த வாரம் மேடைக்காரண்ணன் வீட்டுக்குப் போய் அவரிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம், ஆடி போகட்டும், தீபாவளி முடியட்டும், கடை வைத்தபின் என்று ரெண்டு வருடம் போய்விட்டது. ஒரு நாள் கனமாக இருக்கும், ஒரு நாள் மறந்தே போயிருக்கும். மறந்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

அந்த யார்டை மூடியபோது பழைய சாமான்களைப் பிரித்தெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். டிராயரைத் திறந்தால் வாட்ச். போட்டது போட்டபடி கிடந்தது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. அன்றைக்கே பஸ் ஏறிச் செந்துறையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நெஞ்சுவலி, போய் ரெண்டு மாதம் ஆகிறது என்றார் அவர் மனைவி. என்னை யாரென்று தெரியாமலேயே உட்கார வைத்து அவராகவே பேசினார். "வேலைய வுட்டு வந்ததுலேருந்து மனுசன் ஒண்ணயும் தொட மாட்டாரும்மா. டிவி ரிமோட்டக்கூட என்னயத்தான் அமுத்தச் சொல்லுவாரு. மவ போனு வாங்கிக் குடுத்துச்சு, பொட்டியோட கெடக்கு. நாம்பாட்டுக்குக் கை தெரியாம எதயோ அமுத்திருக்கேன்டி, அதான் அது மாறி மாறிப் போயிருக்குன்னு அவருக்கே ஆயிப்போச்சு. கடசி வரைக்கும் அதயேதான் சொன்னாரு."

நான் யாரென்று சொன்னேன். கறுப்புக் கட்டத்தையும் நான் எழுதிய நாலு வரியையும் அவருக்குப் புரிகிறபடி சொன்னேன். "அவரு எதயும் அமுத்தலம்மா. தப்பு என்னோடது" என்றேன். அவர் அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசமாத் தெரியும்."

அவர் வாசலைப் பார்த்தார். "அரை மணிக்கு ஒரு பஸ்ஸு வருதேம்மா இங்க" என்றார்.

வாட்சை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே கொண்டு போ" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அதைக் கையில் மூடி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்கியபோது உள்ளங்கையில் சாவி அழுந்திய தடம் இருந்தது.

சென்ற மாதம் பாடாலூரிலிருந்து ஒரு டீச்சர் லேப்டாப்பைக் கொண்டு வந்தார். அணைத்துப் போட்டால் வெளிச்சம், தூக்கம் எல்லாம் பழையபடி மாறிவிடுகிறது என்றார். உட்கார வைத்துப் பொறுமையாகப் பார்த்தேன். லேப்டாப்போடு வந்த ஒரு புரோகிராம்தான் ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, "நீங்க எதுவும் தப்பாப் பண்ணலைங்க டீச்சர்" என்றேன். "அது எனக்குத் தெரியாதாம்மா" என்று சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு அந்த வார்த்தை தேவையே இல்லை.

இப்போது வாட்ச் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கடைக்கு எதிரேதான் அரியலூர் பஸ் நிற்கும். கண்டக்டர் கூவி ஆள் ஏற்றும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் கை வேலையை நிறுத்திவிட்டு வாட்சைப் பார்க்கிறேன். அங்கே இறங்கினால் செந்துறைக்கு அடுத்த பஸ். அரை மணிக்கு ஒன்று.