ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்த காலை

வேலை போய்ப் பதினைந்து நாளாகியிருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் குஷாய்குடா வீட்டிலிருந்து வழக்கம்போலக் கிளம்பி, செகந்திராபாத் ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் பொழுதைக் கழித்துவிட்டு, சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் வங்கிகள் விழுந்து, இங்கே கம்பெனிகள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த குளிர்காலம் அது.

இதய அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு சைக்கிள் பயணம். நாற்பது கிலோமீட்டர். வேலையில் இருந்தபோதே கம்பெனி அணியில் பெயர் கொடுத்திருந்தேன். ஜெர்சி வீட்டுக்கு வந்து, மகள் அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டியும் விட்டாள். போகாவிட்டால் மனைவி ஏன் என்று கேட்பாள். அதனால்தான் போனேன்.

ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. பேசுகிறவர்கள் வாயிலிருந்தெல்லாம் புகை வந்தது. மைதானத்தில் எங்கள் அணி கையுறையைத் தேய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதும் சிரிப்பு நின்றது.

எச்.ஆர். அம்மையார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. என்னை வேலையிலிருந்து நீக்கிய அன்று முக்கால் மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசியவர், இப்போது உள்ளூர் இந்தி கலந்த தமிழுக்கு வந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த ஜெர்சி கம்பெனிது. போட்டோ எல்லாம் ஹெட் ஆபீஸ் போகும். நீங்க இப்போ எம்ப்ளாயி இல்ல."

"அதுக்கு?"

"கழட்டிக் குடுத்துடுங்க."

"இங்கயா? இந்தக் குளுருலயா?"

"கைக்கு சார், எதுக்கு சும்மா சண்டை? வேற ஷர்ட் எடுத்துட்டு வரலியா?"

எடுத்துவரவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டையைப் பிரித்து எடுத்துக்கொண்டு, ஜெர்சியைக் கழற்றினேன். அத்தனை பேரும் சைக்கிள் செயினைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள். நீட்டிய கையில் கொடுக்காமல் அதைத் தரையில் போட்டேன். அவர் குனிந்து பொறுக்கினார். எனக்கு நிறைவாக இருந்தது.

"நம்பர் நக்கோ சார், வேணாம், அதையும் குடுங்க."

"அது என் பேர்ல இருக்கு. தர மாட்டேன்." கையில்லாத பனியனில் அட்டையைக் குத்திக்கொண்டேன். விரல் மரத்துப்போயிருந்ததால் ஊசி தோலிலும் இறங்கியது.

நாச்சாரம் தொழிற்சாலைச் சுவர்களை ஒட்டிப் போகும்போது எதிர்க்காற்று. காது வலித்தது, மூக்கு ஒழுகியது, பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை. ஆறு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்த சென்னை நண்பன் அருகில் வந்தான். ஜாக்கெட்டைக் கழற்றித் தரப்போகிறான் என்று நினைத்தேன்.

"நீ வந்திருக்கக் கூடாதுடா," என்றான்.

"ஏம்ல?"

"அடுத்த லிஸ்ட்ல யார் பேர் இருக்குன்னே தெரியாம இருக்கோம். நீ வந்து மூஞ்சிக்கு நேரா நிக்கற."

"அப்பம் என் மூஞ்சியப் பாக்காத."

எழுந்து நின்று மிதித்தேன். திரும்பி வரும் வழியில் அவன் டயர் பஞ்சராகி ஓரமாக நின்று கையாட்டினான். பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் என் பையில் இருந்தன. அது அவனுக்கும் தெரியும். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். நான் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் குளிரே தெரியவில்லை. அந்த நாற்பது கிலோமீட்டரில் ஒரு தடவைகூட அந்தக் குழந்தைகளை நான் நினைக்கவில்லை.

முடிக்கும் இடத்தில் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். வருவதாகச் சொல்லவே இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்கள். ஒரே நிற ஜெர்சியில் வந்து இறங்கும் என் ஆபீஸ்காரர்களையும், பனியனோடு நிற்கும் என்னையும் அவள் மாறிமாறிப் பார்த்தாள்.

"சட்டை எங்க?"

"வாங்கிட்டாவ."

"எதுக்கு?"

"வேலை போயிட்டு."

"என்னைக்கு?"

"பதினஞ்சு நாளாச்சு."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. "அப்பம் நான் கட்டித் தந்த சோத்த எங்க உக்காந்து தின்னீய?"

"ஸ்டேஷன்ல."

"ஊருல இருக்க ரயிலுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது, என்ன?"

மகள் அவள் சேலையை இழுத்தாள். "அம்மா, டாடிகு தண்ட் லக்ரி."

"குளுரட்டும்," என்றாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். குஷாய்குடா வரை அதே பனியனோடு தனியாக மிதித்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், தட்டை நகர்த்திய சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

சித்திரை பிறந்த பிறகு ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் பதினொரு மணிக்கு ரிசப்ஷனிலிருந்து பெண் ஒருத்தி என் இடத்துக்கு வந்தாள். யாரோ ஒரு அம்மா போன் செய்து, இந்தப் பெயரில் ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றதும் வைத்துவிட்டார்களாம். என் செல்போன் சட்டைப்பையில்தான் இருந்தது; அதில் அவள் கூப்பிடவில்லை. இரண்டு வருடம், தினமும், அதே நேரத்துக்கு அந்த போன் வந்தது.