கட்டை வைத்த கித்தார்

அண்ணன் எங்களைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்தவர்களுக்காக, தங்கை நான் இதை எழுதுகிறேன்.

மயிலாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், தச்சு வேலை செய்த எங்கள் அப்பாவின் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால், எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான். என் கல்யாணம் முடியும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. அதன்பின் எடுக்க வீட்டில் யாரும் இல்லை.

இளமையில் திருச்சபைப் பாடகர் குழுவில் கித்தார் வாசித்தார். பிறகு தச்சு வேலைக்கு வளைகுடா போனார். அங்கே மரம் அறுக்கும் இயந்திரம் இடக்கையின் நடு மூன்று விரல்களைக் கொண்டுபோயிற்று. ஊர் திரும்பியவர் வெகுநாள் கித்தாரைத் தொடவில்லை.

பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய புல்புல்தாரா வாங்கி வந்தார். தட்டச்சு இயந்திரத்தில் உள்ளதுபோன்ற கட்டைகளை அமுக்கினால் தந்தியில் சுரம் மாறும் வாத்தியம் அது. அந்தக் கட்டை வரிசையைக் கழற்றிக் கித்தாரின் கழுத்தில் பொருத்தினார். பலமுறை பிரித்து மாட்டியபின், மடியில் கிடத்தி, பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் வாசிக்க முடிந்தது. கித்தாரின் நாதத்தோடு கட்டைகளின் டக் டக்கும் சேர்ந்தே வரும்.

அதைச் சபைக்குக் கொண்டுபோனார். குழுவை நடத்தியவர் ஒரு பாட்டு கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, கீபோர்டோட இது சேரமாட்டேங்கு. தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"அதுக்கென்ன மக்கா" என்று அண்ணன் உறையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். அதன்பின் ஆராதனையில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

சென்னையிலிருந்த எனக்கு மாலைகளில் போன் செய்வார். "ஏட்டி, கேக்கியா?" என்றுவிட்டு வாசிப்பார். நான் போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஒருநாள், "அண்ணே, தலைக்குமேல சோலி கெடக்கு, பொறவு பேசுகேன்" என்று வைத்துவிட்டேன். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழைத்து நலம் விசாரித்தார். வாசிக்கவில்லை. நானும் வாசிக்கச் சொல்லவில்லை.

மாரடைப்பு வந்து இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். நான் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு மதினி சொன்னார்: "சாயங்காலம் ஆனா ஒங்க அண்ணன் வாசிப்பாரு. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு கேப்பேன். 'தங்கச்சிக்குப் போனைப் போட்டு வாசிங்களேன்'னேன் ஒருநாள். 'இப்பம் அவ பிள்ளையளுக்குச் சோறு பொங்குவா, தொந்தரவு பண்ணப்பிடாது'ன்னாரு."

அண்ணனை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், கல்லறைத் தோட்டம்வரை உடன்வந்த சபையாருக்கும், உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதினிக்கு மட்டும் தனியே சொல்ல வேண்டும். அத்தனை சாயங்காலமும் நின்று கேட்டீர்கள். நான் கேட்டிருக்க வேண்டியது.